கட்டிலில் படுத்திருந்த விடை

சில்லென்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது அந்த ஸ்டெதாஸ்கோப் தகடு. உள்ளங்கையில் ஒரு தேய் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைத்தால் இவன்களுக்கு என்ன குறைந்துவிடும், இத்தனை வருஷப் படிப்பில் இந்த இங்கிதம் மட்டும் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி ஜெசிந்தா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். கேட்கிறானா, கேட்பதுபோல் நிற்கிறானா? வீட்டில் செலஸ்டின் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் பேச்சுக்கு 'ம்' கொட்டுவதும் இதே முகத்தோடுதான். இருபது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவளுக்கு, காது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும். இவனுக்கு மூடித்தான் இருக்கிறது. மூடியிருந்தால் என்ன, விடைதான் வெளியே வராந்தாவிலேயே கிடைத்துவிட்டதே. இந்தப் பெரியாஸ்பத்திரியில் பரீட்சைக்கென்று வந்து படுக்கிற நோயாளிகள் ஒரு தனிப் பிறவி. வருஷா வருஷம் அதே மண்ணீரல், அதே கல்லீரல், அதே நெஞ்சு. போன் பண்ணிக் கூப்பிடுவார்கள், வந்து பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு உடம்பைக் கடை விரித்தாற்போலப் படுத்துக்கொள்ள வேண்டியது. பிள்ளைகள் வந்து ஒன்றும் விசாரிக்காமல் கையாலும் காதாலும் மட்டுமே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் பரீட்சை. நடப்பது வேறு. ஸ்கிரீனுக்குள் வந்ததும் வராததுமாக, "ஆன்ட்டி, ப்ளீஸ், உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?" அடுத்த வார்டில் மண்ணீரல் வீங்கிய ஒரு பெரியவர் தன் வியாதிப் பெயரை ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங்கோடு சொல்லுவாராம், டாக்டராகிப் போன பிள்ளைகளெல்லாம் தன் பிள்ளைகள் என்று பெருமை வேறு. ஜெசிந்தா அப்படியல்ல. இந்தப் பையனும் கேட்டான், சென்னைப் பேச்சு, கன்னத்தில் இன்னும் பூனை முடி. "தம்பி, எனக்கு என்ன சீக்குன்னு எனக்கே தெரிஞ்சிட்டா அப்புறம் நீ எதுக்கு, நானே மருந்து எழுதிட்டு வீட்டுக்குப் போயிர மாட்டேனா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவன் அசடு வழியச் சிரித்தான். கவலைப்படுகிறவன் சிரிப்பில்லை அது. அவனுக்கு எப்படியும் தெரியும். மிட்ரல் ஸ்டெனோசிஸ். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது இதயத்துக்குள் ஒரு கதவு சுருங்கிப்போனது, அவ்வளவுதான், ஊருக்கே தெரிந்த ரகசியம், இவள் நெஞ்சு அந்தக் கல்லூரியின் கேள்வித்தாள்.

தெரிந்த விடையைச் சொல்வதில் என்ன பெருமை. கான்வென்டில் சிஸ்டர் யூஃப்ரேசியா வரிசையாக நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார், கேள்வி வாயிலிருந்து முழுசாக வெளியே விழுமுன் விடை போய் முட்ட வேண்டும், ஜெசிந்தாதான் எப்போதும் முதலில் முட்டுவாள், அவ்வளவு வேகம், அவ்வளவு அவசரம், இன்றைக்கும் சோறு வேகிறதா என்று குக்கர் விசிலோடு சண்டை போடுகிற அவசரம். ஒருநாள் செடி வெளிச்சத்தின் பக்கமாகச் சாயும் என்று ஒப்பித்துவிட்டு, அப்படியானால் ஜன்னலோரத்து க்ரோட்டன்ஸ் ஏன் சிஸ்டர் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள். முழங்காலில் நிறுத்திவிட்டார். யாரோ தொட்டியைத் திருப்பி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம், அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. முழங்காலில் நின்றதுகூடப் பெரிதில்லை; வகுப்பே சிரித்தது, அதுதான். அப்புறம் அவள் கேட்கவில்லை. முட்டிக்கொண்டே இருந்தாள், முதல் மார்க், மெடல், கல்யாணம். பையன் போய்விட்டிருந்தான். எப்போது போனான்? ஸ்டாஃப் நர்ஸ் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போகிறாள். ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் அவன் குரல், கடகடவென்று, மழைத் தண்ணீர் தகரத்தில் விழுகிற மாதிரி, இந்த முழக்கம் கேட்டது, இந்த இடத்தில் கேட்டது, "வித் ப்ரீசிஸ்டாலிக் அக்சென்ட்சுவேஷன் சார்." பாட்டு மாதிரி இருக்கிறது. போன வருஷமும் ஒருவன் இதே ராகத்தில்தான் பாடினான். அதன் அர்த்தத்தை அவளுக்குச் சொன்னவள் பிரமசக்திதான்: இதயத்தின் மேலறை கடைசியாக ஒரு நெட்டு நெட்டித் தள்ளும், அப்போது சுருங்கின கதவு வழியாக ரத்தம் பாய்கிற சத்தம் கொஞ்சம் கூடும், அதுதான்க்கா. அட, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நீளப் பெயர்.

பிரமசக்தி. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, கறுப்பாக, ஒல்லியாக, பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கிறவள். போன தடவை இந்தப் பரீட்சையில் அவள் தோற்ற விதத்தைக் கேட்டபோது ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, அந்தப் பிள்ளையோ அழுதுகொண்டே சொன்னது. வாட்ஸ்அப்பில் சீனியர்கள் அனுப்பியிருக்கிறார்கள், ஜன்னலோரக் கட்டில், நெஞ்சுக் கேஸ், இன்ன சத்தம் என்று. காலையில் கட்டிலை மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரம் படுத்திருந்தது கல்லீரல் வீங்கிய ஆள், நெஞ்சு கோயில் மணி மாதிரி சுத்தம். இவள் போய் ஸ்டெத்தை வைத்து, கேட்டு, முழக்கம் கேட்கிறது சார் என்று சொல்லிவிட்டாள். "பொய் சொன்னியாட்டி?" என்று ஜெசிந்தா கேட்டதற்கு, "இல்லக்கா. சத்தியமா கேட்டிச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அந்த இடத்தில் ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றுபோனது. இல்லாத சத்தம் இந்தப் பிள்ளையின் காதில் கேட்டிருக்கிறது, யாரோ சொன்னதால். அப்படியானால் காது யாருடையது? வகுப்பே சிரித்திருக்கும். அப்புறம் மாதக்கணக்கில், அந்தப் பழைய காய்ச்சல் திரும்பாமலிருக்கப் போடுகிற பென்சிலின் ஊசிக்கு ஜெசிந்தா வருகிற நாட்களிலெல்லாம் அவள் வந்து நின்றாள். "அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன்." பாத்துக்கிறேன் என்றால் லேசில் இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள் என்றால் விடமாட்டாள். கேட்டதை இரும்புக் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிப் பார்ப்பாள், லப், டப், பிறகு ஒரு உருட்டல், இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி. ஏன் இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் சத்தம் கிட்ட வருகிறது, ஏன் மூச்சை வெளியே விட்டால் தெளிகிறது என்று தானே கேட்டுக்கொள்வாள், தானே ஒரு பதில் சொல்வாள், "ஆனா அப்படின்னா..." என்று அந்தப் பதிலைத் தானே அடித்துப் போடுவாள், அதற்கப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பாள். முதலில் திறந்தால் என்னவாம் என்று ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, எனக்கு வீட்டுல மீன் நாறிரும். மாங்கா மரத்துலதான காய்க்கி, அதைத் தெரிஞ்சிக்க வெதைபோட்டு மொளைக்க வச்சாப் பாக்கணும்?" "ஆமாக்கா" என்பாள் பிரமசக்தி, கோபமே இல்லாமல், கண்ணைத் திறக்காமல். ஒரு நாள் புத்தகத்தில் இருந்ததும் அவள் யோசித்ததும் ஒன்றாகவே இருந்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பு! ஊசி போட்ட இடத்து வலிகூட ஜெசிந்தாவுக்கு மறந்துபோனது. தெரிந்ததைச் சொன்னவள் முகம் அப்படி இருக்காது. ஜெசிந்தா மெடல் வாங்கின போட்டோ வீட்டில் இருக்கிறது, அதில் அந்த முகம் இல்லை.

இப்போது மறுபடி அது வருகிறது. உள்ளே. மீன் கரையில் விழுந்து துள்ளுகிற மாதிரி, இல்லை, கைக்குள் அடைத்த குருவி மாதிரி, படபடவென்று, பிறகு ஒரு தாவல், பிறகு சும்மா. சவேரியார் திருவிழாவுக்கு அப்புறம்தான் இது. கொடியிறக்கத்தன்று கூட்டத்தில் நின்றபோது முதல் தரம். வாயு என்று நினைத்தாள், பெருங்காயம் குடித்தாள். அப்புறம் வயசு என்று நினைத்தாள். செலஸ்டினிடம் சொன்னால் பயந்துபோய் அந்த மனிதரே படுத்துக்கொள்வார், பிறகு அவருக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லலாம் என்றால் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்று என்பார்கள். அதனால் சொல்லவில்லை. அதனால்தானா? போன தடவை ஊசிக்கு வந்தபோது பிரமசக்தி பரீட்சைப் பதற்றத்தில் வரவில்லை, ஊசி போட்ட நர்ஸ் இடுப்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காலையில் இங்கே டாக்டர் ஜெபசிங் வந்தார், உள்ளூர் எக்ஸாமினர், நல்ல மனுஷர்தான், ஆனால் கையில் போன வருஷத்துக் கேஸ் ஷீட். "என்னக்கா, சௌக்கியமா? பழைய கேஸ்தான?" என்று டிக் அடித்துக்கொண்டு போனார். "யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, என்ன? உங்க வாயப் பத்தி எனக்குத் தெரியும்." தெரிந்துவிட்டதாம். இதுவரை வந்த பையன்கள் ஒருத்தனும் மணிக்கட்டைப் பிடித்து மூச்சு விடுகிற நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, விடை தெரிந்தவனுக்கு எண்ணிக்கை எதற்கு. எல்லோரும் கதவைத்தான் கேட்கிறார்கள், வீட்டுக்குள் யாரோ ஓடுகிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை. சீ, என்ன நினைப்பு இது. ஸ்கிரீன் துணி ஒதுங்கியது. பிரமசக்தி நின்றாள்.

அவள் முகத்தில் முதலில் வந்தது ஒரு 'அப்பாடா'. தெரிந்த முகம், தெரிந்த நெஞ்சு, எத்தனை தரம் கேட்ட சத்தம். தெய்வமே கொண்டுவந்து கையில் கொடுத்த கேஸ்.  வேண்டாம்ட்டி, அப்படிச் சிரிக்காதே. நான் பழைய ஜெசிந்தா இல்லை, உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. சொல்லிவிடலாமா? ஒரே வார்த்தை. 'படபடங்குது.' அது விடையா, வெறும் சேதியா? யாரிடமாவது நெஞ்சு படபடக்கிறது என்று சொல்ல ஒரு மனுஷிக்கு அனுமதி இல்லையா? ஆனால் சொன்னால் அது மறுபடி இன்னொருவர் சொன்னதாகிவிடும். மறுபடி யாருடைய காது என்றாகிவிடும். அத்தனை மாதம் கட்டில் சட்டத்தில் தட்டின தட்டெல்லாம் வீண். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை பழசையே பாடிவிட்டுப் போய், மறுபடி தோற்று, தென்காசி பஸ் ஏறி... நாக்கைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். ஊரையே வெட்டுகிற நாக்கு, உப்புக் கரித்தது. பிரமசக்தி அந்தச் சிரிப்பைத் தானே துடைத்துக்கொண்டாள், யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி ஜெசிந்தாவைப் பார்த்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் போகிறது, பத்து நிமிஷம்தான், ஸ்கிரீனுக்கு வெளியே ஜெபசிங் தொண்டையைச் செருமுகிறார், சீக்கிரம்ட்டி, இதில் ஏன் நிற்கிறாய், நெஞ்சுக்குப் போ என்று ஜெசிந்தாவின் அவசரமெல்லாம் காலில் வந்து விரல் மடக்கியது. பிரமசக்தி போகவில்லை. அவள் இடது கை கட்டில் சட்டத்துக்குப் போனது. தட்டினாள். தட்டு வழி தவறியது. மறுபடி தட்டினாள், மறுபடி தவறியது. படிக்கட்டில் ஒரு படி இல்லாத இடத்தில் கால் வைத்தவள் மாதிரி அவள் புருவம் எழும்பிற்று. எண்ணியதை விட்டுவிட்டு, முள் திரும்பவும் மேலே வரும்வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ணினாள், ஒரு முழு நிமிஷம். அந்த நிமிஷத்தின் நீளத்தில் ஜெசிந்தா தன் கல்யாணத்தையும் பிரசவத்தையும் இரண்டு சாவையும் கடந்து போனாள். பிள்ளையின் முகத்தில் பயம். பரீட்சைப் பயமில்லை, இது வேறு, எனக்காகவா பயப்படுகிறாள்? எனக்கு ஏதோ ஆகிவிட்டதா? கேட்க முடியாது. பேசக்கூடாது. கேட்டறியும் உரிமை அவளுக்கு மட்டும்தான் இன்றைக்கு. "சார்," என்று பிரமசக்தி வெளியே பார்த்துச் சொன்னாள், "நான் நெஞ்சுல எண்ணும்போது சிஸ்டர் அதே நேரத்துல கையில எண்ணணும். பெர்மிஷன் வேணும்."

அதற்கப்புறம் வெளியூர் எக்ஸாமினரும் ஸ்கிரீனுக்குள் வந்துவிட்டார், வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் ஏமாற்றப்பட்டவர் போன்ற முகம். ஸ்டாஃப் நர்ஸ் கையில் எண்ணினாள், பிரமசக்தி நெஞ்சில் எண்ணினாள், இரண்டும் ஒத்துப்போகவில்லை. நெஞ்சில் அடிக்கிற அடி சிலது கை வரைக்கும் வந்து சேரவேயில்லை. "சொல்லும்மா," என்றார் அந்த வெளியூர்ப் பெரியவர். பிரமசக்தி வார்த்தைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். கதவு சுருங்கின சத்தம் இருக்கிறது. ஆனால் தாளம் ஒழுங்காக இல்லை, ஒழுங்கில்லாததிலும் ஒரு ஒழுங்கு இல்லை. ஜெபசிங்குக்கு முகம் மாறியது. குனிந்து, தாழ்ந்த குரலில், உதவி செய்கிறவர் போல, உண்மையிலேயே உதவித்தான், "ரெகுலர்தாம்மா, நல்லாப் பாரு. ஷீட்ல இருக்கு" என்றார். போன தடவையும் ஒருவர் சொல்லித்தான் கேட்டது. ஜெசிந்தா மூச்சை நிறுத்தினாள்.  பிரமசக்தி திரும்பவும் மணிக்கட்டைப் பிடித்தாள், ஷீட்டைப் பார்க்கவேயில்லை. "இல்ல சார். ஷீட்ல இருக்கலாம். இங்க இல்ல." பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ப்ரீசிஸ்டாலிக் அக்சென்ட்சுவேஷன் கேட்டிச்சா? உனக்கு முன்னாடி வந்தவங்க எல்லாருக்கும் கேட்டிருக்கு." பொறி. ஜெசிந்தாவுக்கே தெரிந்தது அது பொறி என்று. "கேக்கல சார். கேக்கவும் முடியாது. தாளம் இப்படித் தப்புதுன்னா மேலறை நெட்டல, வெறுமனே நடுங்குது. நெட்டாதப்ப அந்தச் சத்தம் எங்கேருந்து வரும்? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சார். புதுசா வந்திருக்கணும்." புதுசா என்று எப்படித் தெரியும் என்று பெரியவர் கேட்டார், இந்தம்மாவை முன்னாலேயே பார்த்திருக்கிறாயா என்று கேட்டார், அதிலும் ஒரு பொறி இருந்தது, ஆமாம் என்றால் தெரிந்த கேஸ், கதை முடிந்தது. "நிறைய தடவை பாத்திருக்கேன் சார். தெரிஞ்ச கேஸு. அதான் பயந்தேன். தெரிஞ்சதையே கேட்டுட்டுப் போயிருவேனோன்னு. அதனாலதான் முழு நிமிஷம்." பெரியவர் குனிந்து ஜெசிந்தாவின் மணிக்கட்டைத் தானே பிடித்தார்.

அந்த விரல்கள் பிடித்தபிடி நிற்க, ஏமாற்றப்பட்ட அந்த முகம் கொஞ்சங் கொஞ்சமாக மலர்வதை ஜெசிந்தா கீழேயிருந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக யாரோ தன்னிடம் உண்மையைச் சொல்வதற்காகவே காத்திருந்தவர் போல. இ.சி.ஜி. மெஷின் உருண்டு வந்தது, காகிதம் நீண்டது, அதில் கோடுகள் இஷ்டத்துக்குத் துள்ளின, ஜெபசிங் அதைப் பார்த்துக் காதுவரை சிவந்து, போன வருஷத்து ஷீட்டை மடித்துக் கோட்டுப் பையில் செருகினார். ரத்தம் உறையாமலிருக்க இன்றைக்கே மாத்திரை தொடங்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள், மேலறை நடுங்கினால் அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடுமாம், விட்டிருந்தால் ஒருநாள் காலையில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பேச்சு நின்றிருக்குமாம். பேச்சு! கை போனால் போகட்டும், கால் போனால் போகட்டும், ஜெசிந்தாவுக்குப் பேச்சு போவதாவது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர் ஓடி, அதன் பின்னாலேயே ஒரு சிரிப்பும் ஓடியது. "ஏம்மா, படபடப்பு இருந்திருக்குமே, சொல்லக்கூடாதா?" என்றார் பெரியவர். "ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு இவியதான சார் மிரட்டினாவ," என்று ஜெபசிங்கைக் கையால் காட்டினாள், "அப்புறம், நான் சொல்லியிருந்தா இந்தப் பிள்ள டாக்டராகியிருக்குமா, தபால்காரியால்லா ஆயிருக்கும்." ஸ்டாஃப் நர்ஸ் முந்தானைக்குள் சிரித்தாள். பிரமசக்தி சிரிக்கவில்லை, கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜெசிந்தாவின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது, அந்த முகம் இருந்ததே, புத்தகமும் அவளும் ஒன்றாகவே யோசித்த அன்றைய முகம், அதைவிடப் பெரிதாக. "நீ போலாம்மா, டாக்டர்," என்றார் பெரியவர் அவளிடம். டாக்டர் என்றார். கேட்டது அவளுக்கு, நிச்சயமாகக் கேட்டது, யாரும் முன்கூட்டிச் சொல்லாமலே கேட்டது. பிறகு அவர் ஜெபசிங் பக்கம் திரும்பி, "அக்சென்ட்சுவேஷன் கேட்ட அத்தனை பேரையும் கூப்பிடுங்க" என்றார். வந்தார்கள், வெள்ளைக் கோட்டு வெள்ளைக் கோட்டாக, பூனைமுடிச் சென்னைப் பையன் முன்னால், வராந்தாவிலேயே சேதி தெரிந்துவிட்ட முகங்களோடு வரிசையாக. ஜெசிந்தா தலையணையில் நன்றாகச் சாய்ந்து, சர்ச்சில் மேற்றிராணியார் முத்தமிடச் சொல்லி மோதிரக் கையை நீட்டுகிற மாதிரி மணிக்கட்டை நீட்டினாள். பையன் தொட்டான், தொட்டவுடனே, "ஆமா சார், இர்ரெகுலர்" என்றான். "கையை எடுக்காத தம்பி," என்றாள் ஜெசிந்தா, வீட்டில் மீனும் குக்கரும் செலஸ்டினும் காத்துக் கிடக்கிற ஜெசிந்தா. "அதுவும் யாரோ சொன்னதுதான. முள்ளு மேல வரட்டும். மொதல்லேருந்து எண்ணு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."